அரக்கன் குகைக்குள் நின்றவர்

அரக்கன் குகையை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று, அதற்காக ஊரெல்லாம் அழுததைப் பார்த்து எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டி போகிற நெடுஞ்சாலையோரம் இருக்கிற பார்க் அது. போனைத் திறந்தால் யாராவது ஒருவர் குகை வாசலைக் காட்டி, பின்னால் ஒரு சோக இசையை ஓடவிட்டு, "இது வெறும் ரைடு இல்ல, நம்ம சின்ன வயசு" என்று மூக்கை உறிஞ்சுகிறார். நாலு நிமிஷம் படகில் உட்கார்ந்து கத்தியவர்களுக்கே இவ்வளவு துக்கம். இருபத்திரண்டு வருஷம் உள்ளே முழங்கால் தண்ணீரில் நின்றவரோ எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் வரதன். என் அப்பா. வீட்டில் நைனா என்று கூப்பிடுவோம். நான் அவருடைய ஒரே பெண், ஹெலன். இதை இவ்வளவு நேராகச் சொல்வதற்கு எனக்கு முப்பத்துமூன்று வயது ஆக வேண்டியிருந்தது.

நைனா பிறந்தது அந்தப் பார்க்கிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் கதிர் அறுத்தவர்கள். இவர் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு ரைஸ்மில்லில் மூட்டை தூக்கப் போனார். ஆறடி ஒரு அங்குலம். எந்த வீட்டுக்குப் போனாலும் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார். அந்த உயரம்தான் அவரை சினிமாவுக்கு இழுத்துப்போனது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மாயாஜாலப் படத்துக்காக பார்க்குக்குள் குகை செட் போட்டார்கள். நைனா மரம் தூக்கப் போயிருந்தார். அரக்கனாக நடித்தவர் இரண்டே நாளில், தண்ணீரில் நிற்க முடியாது, கால் வீங்குகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சினிமாக்காரர்கள் சுற்றிப் பார்த்தார்கள். அதே உயரத்தில் ஓர் ஆள் மரத்தோடு நின்றுகொண்டிருந்தார். முகம் தெரியாத காட்சிகளுக்கெல்லாம் அவரை நிற்க வைத்தார்கள். படம் நூறு நாள் ஓடியது. பொன்னேரி தியேட்டரில் நைனா மட்டும் பதினோரு தடவை பார்த்தார். அரக்கன் திரும்பி நிற்கும்போதெல்லாம் பக்கத்து சீட்காரரைத் தட்டி, "அந்த முதுகு என்னுது" என்பாராம். ஒருவரும் நம்பவில்லை.

படம் ஓடியதும் பார்க்குக்காரர்கள் செட்டைப் பிரிக்க விடவில்லை. உள்ளே கால்வாய் வெட்டி, எட்டு பேர் உட்காரும் படகுகளை விட்டு, அரக்கன் குகை என்று பலகை மாட்டினார்கள். கடைசி வளைவில் அரக்கன் தண்ணீரிலிருந்து எழுந்து படகின் விளிம்பைப் பிடிக்க வேண்டும். அதற்கு நைனாவையே வேலைக்கு எடுத்தார்கள். உடம்புக்கு ரப்பர் உடுப்பு, தலைக்கு ஃபைபரில் செய்த கொம்புத் தலை. தலையின் இரண்டு காதுக்கும் கீழே ஒவ்வொரு கிளிப். இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் தலை கழலும். முதல் வருஷமே உறுமல் சத்தம் போடுகிற டேப் பழுதாகிவிட்டது. அதற்குப் பிறகு உறுமல் முழுக்க நைனாவின் தொண்டை. அந்தச் சத்தத்தை எந்த ஸ்டுடியோவில் எடுத்திருப்பார்கள் என்று இப்போது இன்டர்நெட்டில் பெரிய சண்டை நடக்கிறது.

வேலைக்கு மூன்று விதிகள். யாரையும் தொடக்கூடாது, பேசக்கூடாது, முகத்தைக் காட்டக்கூடாது. படகு ஏறுகிற இடத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். டிக்கெட் கிழிக்கிற துளசிராமன் மாமாதான் அதை இரும்புக் கம்பியால் அடிப்பார். ஓர் அடி விழுந்தால் சாதாரணப் படகு, எழுந்து உறும வேண்டும். இரண்டு அடி விழுந்தால் படகில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ வயதானவரோ இருக்கிறார் என்று அர்த்தம், சிலை மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு அடி விழுந்த ஒரு படகைக்கூட பயமுறுத்தியதில்லை என்பதில் நைனாவுக்கு அவ்வளவு பெருமை. கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணோடு வருவார். அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டே திட்டுவாள். அவர் சிரிப்பார்.

வருஷா வருஷம் கோடை லீவுக்கு முன்னால் அந்தத் தலையை வீட்டுக்கு எடுத்து வந்து, விரிசலுக்குப் பசை பூசி, பெயின்ட் அடிப்பார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் அதற்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வேன். ஆயுத பூஜைக்கு பார்க்கில் வேலை செய்பவர்களின் குடும்பத்தையெல்லாம் கூப்பிடுவார்கள். அரக்கன் தலைக்குப் பொட்டு வைத்து, பொரிகடலை கொடுப்பார்கள். துளசிராமன் மாமா என்னை "அரக்கன் பொண்ணு" என்றுதான் கூப்பிடுவார். அப்போதெல்லாம் எனக்கு அது பெருமையாக இருந்தது.

ஆறாம் வகுப்புக்கு என்னை ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்த்தார்கள். அதில்தான் வந்தது வினை. முதல் நாள் மிஸ் ஒவ்வொருவராக எழுப்பி, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்மதா எழுந்து, "எங்களுக்கு நிலம் இருக்கு மிஸ், பதினெட்டு ஏக்கர்" என்றாள். அடுத்தவளின் அப்பா இன்ஜினியர். என் முறை வந்தது. "எங்க டாடி சிப்காட்ல சூப்பர்வைசர் மிஸ்" என்றேன். டாடி என்ற வார்த்தையை அன்றுதான் முதல்முதலாகச் சொன்னேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கு வரவேண்டியதற்கெல்லாம் அம்மாவை மட்டும் வரவைத்தேன். நைனா லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றால், மிஸ் அம்மாவைத்தான் வரச் சொன்னார் என்பேன். அவரும் நம்பினார். புதுப் பள்ளிக்கென்று பொன்னேரி பாத்திரக்கடையில் ஓர் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் வாங்கி, அதில் "வ. ஹெலன்" என்று பெயர் வெட்டிக் கொடுத்திருந்தார். மற்ற பிள்ளைகள் கலர் கலராக பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவந்தார்கள். எனக்கு அதைத் தூக்கிப் போகவும் வெட்கமாக இருந்தது.

ஏழாம் வகுப்பில் சுற்றுலா என்றார்கள். எங்கே என்று கேட்டால் அதே பார்க். வயிற்றுவலி என்று நடித்துப் பார்த்தேன், அம்மாவிடம் பலிக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நைனா வேலை முடிந்து வந்ததும் வராததுமாக என்னைப் பார்த்துச் சிரித்தார். புக்கிங் நோட்டில் என் பள்ளியின் பெயரைப் பார்த்துவிட்டாராம்.

"நாளைக்கு ஒனக்குன்னு ஒரு ஷோ கீது கண்ணு. துளசிராமன் கையில சொல்லிட்டு வந்துகீறேன்."

"இன்னா ஷோ?"

"அதை இப்பவே சொல்லிட்டா இன்னாத்துக்கு? பார்க்கத்தானே போற."

வேண்டாம் நைனா என்று சொல்ல வாய்வரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? சூப்பர்வைசர் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் எங்கள் படகில் எட்டுப் பெண்கள். நர்மதா என் பக்கத்தில். துளசிராமன் மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, கம்பியை எடுத்து அடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்று அடி என்று ஒன்று கிடையவே கிடையாது. எனக்காகத்தான் என்று அப்போதே புரிந்தது. படகு உள்ளே போய்க்கொண்டிருந்த அத்தனை நேரமும் மற்றவர்கள் எலும்புக்கூட்டையும் பாம்பையும் பார்த்துக் கத்தினார்கள். நான் கடைசி வளைவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரக்கன் எழுந்தார். உறுமவில்லை. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் நேராக என்னைப் பார்த்து நின்றார். பிறகு இரண்டு கைகளும் மெதுவாகக் காதுக்குக் கீழே போயின. கிளிப்பை அமுக்கப் போகிறார், தலையைக் கழற்றப் போகிறார் என்று அந்தப் படகில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் பெருமைப்படுவேன் என்று நினைத்து, வேலையே போனாலும் போகட்டும் என்று, விதியை மீறி முகத்தைக் காட்டப் போகிறார். "ஹெலன்!" என்று கூப்பிடப் போகிறார். தலை பாதி உயர்ந்துவிட்டது. முகவாய் தெரிந்தது, வாய் தெரிந்தது, அந்த வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

மடியிலிருந்த எவர்சில்வர் பாட்டிலை எடுத்து அந்த முகத்தைப் பார்த்து வீசினேன்.

பயத்தில் வீசினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். நன்றாகக் குறி பார்த்துத்தான் வீசினேன். முகம் முழுதாக வெளியே வருவதற்குள் அதை உள்ளே தள்ள வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது என் புத்தியில் இருந்தது. டங்கென்று ஒரு சத்தம், பாட்டில் மோதி ஃபைபர் தலை அவர் நெற்றியில் இடித்தது. தலை சட்டென்று கீழே இறங்கி மூடிக்கொண்டது. படகு தாண்டிப் போய்விட்டது. "சூப்பர்டி! அரக்கனையே அடிச்சுட்ட!" என்று நர்மதா என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க நான்தான் வகுப்பின் வீராங்கனை. அதுவரை பேசாதவர்கள்கூட டிபன் பாக்ஸை நீட்டினார்கள். எல்லாவற்றையும் வாங்கித் தின்றேன்.

அன்று சாயங்காலம் நைனா இடது புருவத்துக்கு மேலே நாலு தையலோடு வந்தார். அம்மா பதறினாள்.

"எவனோ ஒரு பையன் வுட்டுட்டான். இருட்டுல யாருன்னு தெர்ல. பசங்க பயத்துல அப்டித்தான் இன்னாவாவது செய்வானுங்க, வுடு."

என் பக்கம் திரும்பாமலேதான் சொன்னார். அடுத்த நாள் காலையில் என் பையில் புது எவர்சில்வர் பாட்டில் ஒன்று இருந்தது. அதிலும் "வ. ஹெலன்" என்று பெயர் வெட்டியிருந்தது. பழையது எங்கே என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருபது வருஷம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

நான் டிப்ளமோ படித்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் சேர்ந்தேன். கல்யாணமும் ஆனது. அதற்கு வகுப்புத் தோழிகள் ஒருவரையும் கூப்பிடவில்லை. மண்டபத்து வாசலில் நைனா வெட்டுத் தழும்போடு கும்பிட்டு நிற்பார், அதனால்தான். லாக்டவுனில் பார்க் மூடியபோது அவர் வேலையும் நின்றது. திரும்பத் திறந்தபோது அவர் இடத்தில் மோட்டார் வைத்த பொம்மையை நிறுத்திவிட்டார்கள். இப்போது அதற்கும் வேளை வந்துவிட்டது. குகை இருந்த இடத்தில் வரப்போகிற புது ரைடில் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், எல்லாம் கண்ணுக்குள்ளேயே வந்துவிடுமாம்.

பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் நர்மதாதான் ஆரம்பித்தாள். இப்போது திருநின்றவூரில் ஃபிளாட் வாங்கி, ரயிலில் சென்னை பேங்குக்குப் போய்வருகிறாள். "கடைசி ஞாயித்துக்கிழமை எல்லாரும் போலாம்டி. ஹெலன், மறக்காம பாட்டில் எடுத்துட்டு வா. அரக்கன் போறதுக்கு முன்னாடி இன்னொண்ணு வாங்கட்டும்." அதற்கு எல்லோரும் சிரிக்கிற முகத்தை வரிசையாக அனுப்பினார்கள். நானும் ஒன்று அனுப்பினேன். முப்பத்துமூன்று வயதில், அவர் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதே அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து நைனாவுக்கு பார்க்கிலிருந்து போன் வந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை பொம்மையை எடுத்துவிட்டு, பழைய அரக்கனையே நிறுத்தப் போகிறார்களாம், வரமுடியுமா என்று கேட்டார்களாம். அறுபத்து நாலு வயது, மூட்டுவலி, போனை வைத்துவிட்டு சின்னப் பிள்ளை மாதிரி கூடத்தில் இரண்டு நடை நடந்தார். ஒரு தடவை உறுமிப் பார்த்தார். பாதியில் இருமல் வந்துவிட்டது. பிறகு என்னிடம் வந்தார்.

"அன்னிக்கி நீ வர வாணாம் கண்ணு. செம கூட்டமா இருக்கும். பேஜாரு."

சரி நைனா என்றேன். மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. எனக்கு எது கஷ்டம் என்று தெரிந்து, நான் கேட்பதற்கு முன்பே அவராக அதை எடுத்துப் போட்டுவிட்டார். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனேன். இந்த ஒரு தடவை அவர் தலையைக் கழற்றட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்று முடிவு செய்துகொண்டு போனேன். ஆறு தோழிகள் வந்திருந்தார்கள். வரிசை கேட் வரைக்கும் நீண்டிருந்தது. துளசிராமன் மாமாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"மாமா, மூணு அடி அடி" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "வேணுமா பாப்பா? அவனைக் கேக்காம..."

"அடி மாமா."

மூன்று அடி விழுந்தது. படகு உள்ளே போனது. எலும்புக்கூடுகளின் பெயின்ட் உரிந்திருந்தது. நர்மதா, "பாட்டில் எங்கடி?" என்று விலாவில் இடித்தாள். கடைசி வளைவு வந்தது. அரக்கன் எழுந்தார். முன்புபோல முடியவில்லை, ஒரு கையைப் பாறையில் ஊன்றித்தான் எழுந்தார். நான் படகில் எழுந்து நின்றேன்.

"நைனா!" என்று கத்தினேன். "நைனா, தலையக் கழட்டு! நாந்தான்!"

கூப்பிடும்போது கையை உயர்த்தி ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். அரக்கன் ஓர் அடி பின்வாங்கினார். ஒரு கையால் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இடது கண்ணுக்கு மேலே அந்த இடத்தை மறைத்துக்கொண்டார். அத்தனை கனமான ஃபைபர் தலை மேலே இருக்கும்போதே மறைத்துக்கொண்டார். படகு தாண்டும்வரை கை இறங்கவில்லை.

"யாருடி அது?" என்று நர்மதா கேட்டாள்.

"எங்க நைனா. எங்கப்பா."

"அப்ப அன்னைக்கு..."

"அன்னைக்கும் அவர்தான். தெரிஞ்சுதான் அடிச்சேன்."

நர்மதா என் கையைத் தொட வந்து, தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

இறங்கியதும் குகையின் பின்பக்கம் ஓடினேன். ஆட்கள் வெளியே வருவதற்கு அங்கே ஒரு தகரக் கதவு உண்டு. அடுத்த படகுகளை நிறுத்தச் சொல்லிவிட்டு நைனா வந்தார். கக்கத்தில் கொம்புத் தலை, முகமெல்லாம் வேர்வை. தோளில் பழைய பை. அதற்குள்ளிருந்து நசுங்கின எவர்சில்வர் பாட்டிலின் கழுத்து தெரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் கடைசிப் பதினாறு வருஷம் உள்ளே குடிக்கத் தண்ணீர் வைத்துக்கொண்டது அதில்தான் என்று துளசிராமன் மாமா பிற்பாடு சொன்னார். என்னைக் கண்டதும் நைனா அவசரமாக எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இங்க இன்னாத்துக்கு வந்த? உன் ஃபிரெண்டுங்க பார்த்துடப் போறாங்க. முன்னால போ, போ."

"சொல்லிட்டேன் நைனா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அவர் முகம் மாறியது. சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ தகரக் கதவில் சாய்ந்து நின்றுவிட்டார்.

"எதுக்குடி சொன்ன?" என்றார். உறுமி உறுமித் தேய்ந்த குரல், சரியாக எழும்பவில்லை. "நாந்தான் அரக்கன்னு தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது. பெத்த அப்பன் மூஞ்சிலயே பாட்டில வுட்ட பொண்ணுன்னு இனிமே உன்னத்தானே பேசுவாங்க. இத்தினி வருசமா நான் வாயத் தொறக்காம இருந்ததே அதுக்குத்தானே."

நான் அவர் கக்கத்திலிருந்த தலையை வாங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவர் தர மாட்டேன் என்றார், பிறகு விட்டுவிட்டார்.